நம் மதிப்பீட்டாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இது வாட்ஸப்பில் போய்ச் சேரும்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. ஆயுத பூஜை நடந்தது. சர்வதேச மதிப்பீட்டுத் தரங்களின் புதிய பதிப்பு 2025 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்ததை ஒட்டி ஒரு வகுப்பு வைத்தோம். போட்ட நாற்காலிகளில் பாதி காலி.

இனி, வங்கிக் கடனுக்காக வீடு, மனையை மதிப்பிடப் போகும்போது நாம் நிரப்ப வேண்டிய கள ஆய்வுப் படிவம். இரண்டு பக்கத் தாளுக்கு இவ்வளவு பாடா என்று சிலர் கேட்டதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்களுக்கான 2017 விதிகளின் நடத்தை நெறி, வேலைத் தாள்களை மூன்று ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. காரியம் முடிந்தால் இவ்வளவு என்று கட்டணம் பேசுவதையும், கேட்டவர் வசதிக்கு மதிப்புப் போடுவதையும் தடுக்கிறது. அது கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் வேலைக்குத்தானே என்று ஒரு நண்பர் வாதிட்டார். இருக்கட்டும். வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்தால் கேள்வி ஒன்றுதான்: எப்போது போனீர், எதை அளந்தீர், ரேட்டை எங்கிருந்து எடுத்தீர்? படிவம் அதற்கான பதில்.

முதல் கட்டம், யார் போனது என்பது. உதவியாளரை அனுப்பினால் அவர் பெயரையே எழுத வேண்டும். தேதி, நேரம், கதவு எண், மின் மீட்டர், தெருவின் இரு பக்கமும் தெரியும் படங்கள் தேவை. காலி மனையில் இது போதாது. பக்கத்து மனையைக் காட்டி ஏமாற்றுவது வண்டலூர்ப் பக்கமும் உண்டு, ஓ.எம்.ஆர். பக்கமும் உண்டு. லேஅவுட் வரைபடத்தில் உள்ள தெரு முனையிலிருந்து டேப் பிடித்து வந்தால்தான் மனை எண் உறுதியாகும். பத்திரத்தின் செக்குபந்தியை, அதாவது நான்கு பக்க எல்லை விவரத்தை, மட்டும் நம்ப முடியாது. வீடு எழும்பிப் பல வருடம் ஆகியும் பழைய பத்திரத்தைப் பார்த்து ‘காலி மனைக்குக் கிழக்கு’ என்றே எழுதிக்கொண்டிருப்பார்கள்.

ஃப்ளாட் என்றால் யூ.டி.எஸ். கூட்டல், அதாவது ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக் கொடுத்த பிரிபடாத மனைப் பாகத்தின் கூட்டல். ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி. நான்கு வீட்டுக்கு 600 வீதம் எழுதிக் கொடுத்தபின், மொட்டை மாடியில் ஐந்தாவது வீடு கட்டி அதற்கும் 480 எழுதினால் மொத்தம் 2880. இல்லாத மண்ணுக்கு மதிப்புப் போட்டுக் கையெழுத்திட்டவர் நாம்தான். ஒரு வீட்டுப் பத்திரத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது. வில்லங்கச் சான்றில் மற்ற வீடுகளின் பாகத்தையும் கூட்ட வேண்டும். அப்ரூவ்ட் பிளானில் எத்தனை வீடு என்பதற்கும் ஒரு கட்டம் விட்டிருக்கிறோம்.

தேய்மானத்தில்தான் கை அதிகம் விளையாடுகிறது. கான்கிரீட் கட்டடத்துக்கு 60 ஆண்டு ஆயுள், 10 சதவீதம் எஞ்சும் மதிப்பு என்று கொண்டால், 20 வருடக் கட்டடத்துக்கு 30 சதவீதம் கழிய வேண்டும். ஆயுளை 80 என்று மாற்றினால் கழிவு 22.5 ஆகிவிடும், மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணில் படாது. மாற்றினால் காரணம் எழுதுங்கள் என்கிறது படிவம்.

ரேட்டுக்கு ஆதாரமாக அக்கம்பக்கத்தில் உண்மையில் நடந்த மூன்று விற்பனைகள் வேண்டும். இணையத்தில் போட்டிருப்பது விற்பவரின் ஆசை. பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பும் சந்தை விலை அல்ல: 2017 ஜூனில் அதை ஒரே அடியாக 33 சதவீதம் குறைத்தார்கள், அன்றைக்கு மயிலாப்பூரில் யாராவது வீட்டை மூன்றில் ஒரு பங்கு குறைத்து விற்றார்களா?

வெள்ளக் கட்டத்தை எடுத்துவிடச் சொல்லி வந்த கோரிக்கையை ஏற்கவில்லை. வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை என்றால் 2015-லும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை நின்றது, தெரு மட்டத்துக்கு வீட்டுத் தளம் எத்தனை அங்குலம் மேலே அல்லது கீழே என்று எழுத வேண்டும். தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்த இடங்களில் இதை மறைத்தால் வாங்குபவர் தலையில் விழும்.

இவ்வளவும் எதற்கென்றால், 60 லட்சத்துக்குப் பேசிய வீட்டுக்கு 80 சதவீதக் கடன் 48 லட்சம். ஒப்பந்தத்தையும் நம் ரிப்போர்ட்டையும் 75 லட்சமாக்கினால் கடன் 60 லட்சம். வாங்குபவர் கைக்காசு பூஜ்யம். தவணை நின்றால் வங்கி ஏலத்துக்குப் போகும். அங்கே 75 கிடைக்காதபோது முதலில் தேடுவது நம் ஃபைலை.

படிவத்தை மொத்தம் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதை இங்கே சொல்லி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. கேட்ட மதிப்பைப் போடாவிட்டால் ‘பேனலில் (வங்கியின் மதிப்பீட்டாளர் பட்டியலில்) இருந்து தூக்கிவிடுவார்கள்’ என்ற பயம் எனக்கும் புரிகிறது. ஒருவர் மறுத்த மதிப்பை மறுநாளே இன்னொரு உறுப்பினர் போட்டுக் கொடுப்பதால்தான் அந்தப் பயத்துக்கு உயிர் இருக்கிறது.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம். படிவம் அச்சிட்ட செலவு குறித்து எழுந்த பேச்சுக்கு, ரசீதுகள் இருக்கின்றன என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சந்தா பாக்கி நிறைய. இரண்டாண்டு பாக்கி வைத்திருப்பவர்களும், நோட்டீஸ் வந்தால் சங்கத்தின் கடிதம் கேட்டு இரவு பத்து மணிக்கு அழைப்பவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்.

இடம் தந்த மண்டபத்தாருக்கும், தணிக்கையாளருக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, ஃபைலில் பெயரை மறைத்து ஒருவர் ரிப்போர்ட்டை மற்றவர் பார்க்கும் முறையைத் தொடங்க எண்ணம். மாதம் ஒரு சனிக்கிழமை, ஆறு பேர் போதும். ஆறு பேர் கிடைக்காவிட்டால் செயலாளர் பொறுப்பையும் வேறொருவர் பார்த்துக்கொள்வது நல்லது என்று குடும்பத்தில் சொல்கிறார்கள்.

புதிய படிவக் கட்டுகள் பொருளாளரிடம் இருக்கின்றன. சந்தா ரசீதைக் காட்டிப் பெற்றுக்கொள்ளவும்.

செயலாளர்