தேர்வறையோடு நின்றுவிடும் சலுகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கற்றல் குறைபாடு உள்ள மாணவருக்குத் தேர்வில் சொல்வதை எழுதுபவரையும், மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரத்தையும் கொடுத்துவிட்டால் தம் கடமை முடிந்ததாகவே நம் கல்லூரிகள் பலவும் நினைக்கின்றன. ஆண்டு முழுவதும் அம்மாணவர் உட்கார்ந்திருக்கும் வகுப்பறை மட்டும் பழையபடியே இருக்கிறது.

ஏற்காட்டிலிருந்து தினமும் பேருந்தில் இறங்கி வந்து படித்த மாணவர் ஒருவர், செய்முறை வகுப்பில் கரைசலை அளந்து சொட்டவிடும் குழாயான பியூரெட்டை ஒரு சொட்டுக்கூட மிகாமல் நிறுத்துவார், ஆனால் 24.6 என்று வாய்விட்டுப் படித்த அளவை ரெக்கார்டு நோட்டில் 26.4 என்று எழுதுவார், 'கொ' எழுதினால் கொம்போ காலோ காணாமற்போகும். கவனக்குறைவு என்று முடிவுகட்டி மூன்று முறை திருப்பி எழுத வைத்தேன். மூன்றாவது நோட்டில் பிழைகள் கூடியிருந்தன. கொம்பு முன்னால் நிற்க, அதன் ஒலி பின்னால் வரும் நம் எழுத்துமுறை ஒருவருக்குத் தடையாகலாம் என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. பிறகு வாய்மொழியாகக் கேட்டபோது, கரைசலில் சேர்த்த நிறங்காட்டி ஏன் அந்த இடத்தில் நிறம் மாறுகிறது என்பதை அவர் தடுமாறாமல் விளக்கினார்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தான் பட்டியலிட்ட 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. குறைபாடு 40 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்ற வரம்பைக் காட்டி எழுதுபவரின் உதவியை மறுக்கக் கூடாது என்று 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறியது. அப்படியிருக்க, குறைபாட்டுச் சான்றிதழ் வரும்வரை வகுப்பில் எதையும் மாற்ற இயலாது என்று துறைகள் கைவிரிப்பது சரியல்ல. பாடக்குறிப்பை முந்தைய நாளே கைப்பேசிக்கு அனுப்புவதற்கும், கரும்பலகையில் எழுதுவதை உரக்கப் படிப்பதற்கும் எவருடைய முத்திரையும் தேவையில்லை. வகுப்பைக் குரல்பதிவு செய்ய அனுமதிப்பது என்றதும் துறைக் கூட்டத்தில் எழும் முணுமுணுப்பை நான் அறிவேன். முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.

உள்மதிப்பீட்டுத் தேர்வுகளில் ஒன்றையேனும், வேண்டுவோர் வாய்மொழியாக விடையளிக்க வழிசெய்யும் விதியைப் பல்கலைக்கழகங்கள் வகுக்க வேண்டும். ஆசிரியர்களுக்கான புத்தாக்கப் பயிற்சியிலும் இதற்கென ஒரு நாளை ஒதுக்க வேண்டும் என்று தங்கள் இதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.