மண்டபத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திருப்பணி முடிந்தது. சாரம் பிரித்தாயிற்று. வந்து பார்த்தவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒன்றுதான்: "இதுல புதுசா என்ன பண்ணீங்க?" கேள்வி நியாயமானதுதான். தூணில் வர்ணம் இல்லை, தரையில் டைல்ஸ் இல்லை. நீங்கள் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி, போன குடமுழுக்கின்போது இதே குழு செய்த வேலையைப் பிரித்தெடுக்கவே செலவானது. இதை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்து நாலைந்து நாள் ஆன பிறகும் மண்டபத்துக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே இன்னொரு கை சிமெண்ட் போட்டுவிடலாம் என்றுதான் முதல் கூட்டத்தில் பேசினோம். தீர்மான நோட்டில் அது அப்படியே இருக்கிறது. நல்லவேளையாக, பார்க்க வந்த ஸ்தபதி மேலே ஏறிச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி உள்ள வர்றது கூடப் பரவாயில்லைங்க, வெளிய போக வழியே விடாம மூடி வச்சிருக்கீங்களே" என்றார்.

மண்டபத்தின் பழைய மேல்தளம் கற்பலகை மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டது. சுண்ணாம்பு கொஞ்சம் ஈரம் குடிக்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். அதன்மேல் நாங்கள் போட்ட சிமெண்ட் இறுகி, வெடித்து, வெடிப்பு வழியே தண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டது. உலர மட்டும் விடவில்லை. ஈரத்தோடு உப்பும் சேர்ந்தது. எண்ணூரிலிருந்து காசிமேடு வரை இருக்கிறவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே போதும். அந்த உப்பு செங்கல்லுக்குள் பூத்து, உள்ளிருந்தே மாவாக உதிர்க்கிறது. போதாததற்கு, அன்று சிமெண்ட் குழைத்தது போரிங் தண்ணீரில். வாயில் வைக்க முடியாத தண்ணீர் சுவருக்கு ஆகும் என்று அப்போது எங்களுக்குத் தோன்றியிருக்கிறது.

நம் திருவொற்றியூர்ப் பெரிய கோயிலான தியாகராஜர் கோயிலின் விமானம் யானையின் பின்புறம்போல் வளைந்த தூங்கானை மாடம். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் அதைக் கல்லில் எடுத்தவன் இரவி என்ற வீரசோழத் தச்சன். அவன் பெயர் கல்வெட்டில் நிற்கிறது. நம் மண்டபத்திலும் ஒரு பளிங்குப் பலகையில் எங்கள் பெயர்கள் இருந்தன. அதைக் கழற்றிவிட்டோம். இந்த முறை உபயதாரர் பெயர்கள் வெளியே மரப்பலகையில் மட்டுமே. சிலருக்கு வருத்தம், தெரியும்.

எழுத்துமூலமான அனுமதி கைக்கு வந்த பிறகே கல்லில் கை வைத்தோம். அதுவரை படம் எடுப்பது, அளப்பது, ஒவ்வொரு கல்லுக்கும் சாக்பீஸால் எண் போடுவது. வரைபடங்களை நம் தெருக் கல்லூரிப் பெண்கள் இருவர் போட்டார்கள். எந்தக் கல் எங்கே இருந்தது என்று பிறகு தகராறு வந்தபோதெல்லாம் அவர்கள் நோட்டுதான் தீர்ப்புச் சொன்னது.

முதல் ஞாயிறு 40 பேர் வந்தார்கள். மூன்றாம் ஞாயிறு 11 பேர். கடைசி வரை நின்றது அந்த 11 பேரும் அவர்கள் இழுத்து வந்தவர்களும்தான்: துறைமுக லாரி ஓட்டுநர்கள், காசிமேட்டில் படகு வேலை செய்யும் தச்சர் ஒருவர், மகளிர் குழு, ஓய்வு பெற்ற தொழிற்சாலை ஃபிட்டர். முதல் நாள் ஆர்வத்தில் ஒரு பையன் மேலே முளைத்த அரசங்கன்றைப் பிடித்து இழுக்க, வேரோடு இரண்டு செங்கல்லும் வந்தன. அன்றே நிறுத்தினோம். கன்றை இழுக்கக் கூடாது; தண்டை வெட்டி, வேர்முனையில் மருந்து வைத்து, அது செத்துக் காய்ந்த பிறகே எடுக்க வேண்டும். அந்தப் பையனே மருந்து வைக்கும் வேலையை ஏற்றுக்கொண்டான்.

தூண்களில் இருந்த எனாமல் பெயிண்டுதான் மாதக்கணக்கில் எங்களைப் பிடித்துக்கொண்டது. "மணல் பீய்ச்சினா ரெண்டே நாள்ல போயிடுமே, அண்ணே" என்று பலர் சொன்னார்கள். போகும். கூடவே கல்லின் தோலும் போகும், உளி வைத்த கூர்மை போகும், எழுத்து இருந்தால் எழுத்தும் போகும். கோயில்களில் அதைத் தடை செய்திருப்பதும் அதனால்தான். நாங்கள் பெயிண்டை இளக்கும் மருந்தைத் தடவி, ஊறவிட்டு, மூங்கில் சீவலால் சுரண்டினோம். ஒரு தூணுக்கு நான்கு ஞாயிறு.

தென்புற அடித்தளத்தில் சிமெண்ட் பூச்சை எடுத்தபோது எழுத்துகள் தெரிந்தன. கல்வெட்டு படிக்கத் தெரிந்தவரை அழைத்தோம். அவர் கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களில் இறக்கி, மையொற்றி, மைப்படி எடுத்தார். தாளைச் சுற்றி நின்ற கூட்டத்தில் யாரும் மூச்சு விடவில்லை. கிடைத்தது "சந்திராதித்தவற்" என்ற ஒரு சொல்லும் அங்கங்கே சில எழுத்துகளும். சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று பொருள். விளக்கெரிக்க ஆடு கொடுத்தாலும், நிலம் விட்டாலும் எழுதுவது. எது கொடுத்தார்கள், யார் கொடுத்தார்கள் என்ற பகுதி முழுவதும் கொத்துப்பட்டிருக்கிறது. பூச்சு பிடிக்க வேண்டும் என்று உளியால் கல்லைக் கொத்தச் சொன்னது நாங்கள். குழுவில் அன்றும் இன்றும் இருக்கும் மூவர் சார்பில் இதை எழுதுகிறோம். மைப்படியின் நகல் சங்க அறையில் சட்டமிட்டு மாட்டியிருக்கிறது. அந்தக் கல்மேல் இனி விபூதியோ எண்ணெயோ படக்கூடாது.

சுண்ணாம்பு வேலைக்குக் காரைக்குடிப் பக்கமிருந்து கொத்தனார் வந்தார். சுண்ணாம்பை நீற்றி, தண்ணீரில் வாரக்கணக்கில் புளிக்க வைத்தார். கடுக்காயை இடித்துத் தனியாக ஊறப்போட்டார். வெல்லக் கரைசல் தனி. எறும்பு விரட்டவே ஒரு ஆள் வேண்டியிருந்தது. கலவைக்கு முழுக்க மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீர்தான். மணலையும் அலசினோம். கார்த்திகைப் பௌர்ணமிக்குப் பெரிய கோயிலில் ஆதிபுரீசுவரரின் கவசம் திறக்கும் மூன்று நாளும் தெருவே அடைபட்டுப்போனதில் வேலை நின்றது. எப்படியும் வடகிழக்கு மழையில் சுண்ணாம்பு இறுகாது. தை பிறந்த பிறகே தளம் போட்டோம்.

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, மரக்கட்டையால் அடிக்க வேண்டும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துக்கொண்டே அடிப்பது. கட்டை பட்டால் எகிறித் திரும்பும் வரை அடி என்றார் கொத்தனார். மகளிர் குழு வரிசையாக உட்கார்ந்து பாட்டுக்கு ஏற்ப அடித்தது. மூன்று நாள் அந்தச் சத்தம்தான். வாகனம் நிறுத்த இடமில்லை என்று சண்டைக்கு வந்த எதிர்வீட்டுக்காரரும் இரண்டாம் நாள் கட்டையோடு உட்கார்ந்துவிட்டார். அதன்மேல் தட்டையான ஓடுகளைப் பதித்து, ஈரச்சாக்கு போட்டு வாரக்கணக்கில் நனைத்தோம். சுவரில் மிச்சமிருந்த உப்பை எடுக்கக் காகிதக்கூழ் பற்றுப் போட்டோம். பற்று காயும்போது உப்பை உறிஞ்சிக்கொள்ளும். உரித்து எறிந்துவிட்டு மறுபடி போட வேண்டும். இன்னும் இரண்டு சுற்று பாக்கி.

மாசிப் பிரம்மோற்சவத்துக்குள் முடித்தோம் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு சங்க அறையில் இருக்கிறது, ரசீதுகளையும் பார்க்கலாம். பெரிய செலவுகள் சிமெண்ட் பெயர்த்த கூலி, சுண்ணாம்பும் அதன் வண்டி வாடகையும், தண்ணீர். பாலிஷ் போட்ட கிரானைட் தரை தருவதாக ஓர் அன்பர் முன்வந்தார். வேண்டாம் என்று சொல்லப் போனவர்களுக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. அவர் கோபிக்காமல் சாரத்துக்குச் சவுக்குக் கட்டையும் எல்லா ஞாயிறும் மதியச் சாப்பாடும் தந்தார்.

சுண்ணாம்புத் தளத்தைப் போட்டுவிட்டு மறந்துபோக முடியாது. ஆவணி முடிவதற்குள் தளத்தின் தண்ணீர் வாய்களைச் சுத்தம் செய்ய வேண்டும், முளைக்கும் கன்றுகளைக் கையகலத்திலேயே கவனிக்க வேண்டும். அதற்கான முறைப்பட்டியல் கதவில் ஒட்டியிருக்கிறது. மூன்று இடம் காலியாக உள்ளது. ஏணி சங்க அறையில், சாவி பூக்கடையில். தென்னந்துடைப்பம் போதும். ஆசிட், பினாயில், கம்பி பிரஷ் எதுவும் கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு