ஏழு நட்டு கழண்டுருச்சு அக்கா

அக்கா,

ஏழு நட்டு கழண்டுருச்சு. எட்டாவது எங்க இருக்குன்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

நேத்து சாயங்காலம் அப்பாவோட போர்ஷேல இருந்து மேனிஃபோல்ட், அதான் எஞ்சின் புகைய வாங்கி பைப்புக்கு விடற இரும்பு, கழண்டு கைக்கு வந்துச்சு. வெளிய குன்னூர் முழுக்க மஞ்சு, ஷெட்டு தகரத்துல தண்ணி சொட்டிட்டே இருக்கு, எதுத்தாப்ல இருக்கற சில்வர் ஓக் கூட கண்ணுக்கு தெரியல. அந்த இரும்ப மடில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். உனக்கு போன் பண்ணலாம்னு எடுத்தேன், பேர் வரைக்கும் போயிட்டு வெச்சுட்டேன். போன்ல நம்ம ரெண்டு பேரும் என்ன பேசுவோம்னு உனக்கு தெரியும், அம்மா மாத்திரை, பையன் டியூசன், திருப்பூர்ல மழையா, அவ்ளோதான். அதனால தான் இங்க எழுதறேன். நாலு பேர் படிக்கற எடத்துல எழுதறது உனக்கு பிடிக்காதுன்னு தெரியும், ஆனா நாலு பேர் முன்னாடி நடந்தத நாலு பேர் முன்னாடி தான சரி பண்ணனும். ஊர் பேர தவிர யார் பேரும் போடல.

வண்டி நம்ம கைக்கு எப்படி வந்துச்சுங்கற கதைய விட்டுடறேன். அப்பாவோட வருஷ தெவசம் முடிஞ்சு பதினோரு நாள் ஆச்சு. நீ வந்திருந்த, சாப்பிட்ட, கேட் கிட்ட நின்னு ஷெட்டு பக்கம் ஒரு தடவ கூட திரும்பாம மாமாவோட கார்ல ஏறிட்ட. போகும்போது சொன்ன ஒரே வார்த்த, "அத வித்துரு". அது. இருபத்திரண்டு வருஷம் கழிச்சு அந்த வண்டிக்கு உன் வாயில பேரு அது.

மறுநாளே ஜாக்கி போட்டு தூக்கிட்டேன் அக்கா. விக்கறதுக்கு இல்ல. செங்கல் வெக்கல, நாலு பக்கமும் ஸ்டாண்டு குடுத்து, ஒரு தடவ ஆட்டிப் பாத்துட்டு தான் அடில போனேன், நீ அப்படித்தான் பண்ணுவ. பேட்டரி வயர கழட்டி, கூலண்ட் எறக்கி, பின்னாடி இருந்து ஆரம்பிச்சேன். சைலன்சர தொங்க விடற ரப்பர் எல்லாம் கல்லு மாதிரி ஆயிருச்சு, சோப்பு தண்ணி தடவி தடவி உருவுனேன். டவுன் பைப் போல்ட்டு மூணு நாள் எண்ணெய் குடிச்சும் அசையல, டார்ச்ல சூடு காட்டினதுக்கப்புறம் தான் வழிக்கு வந்துச்சு. டர்போவுக்கு மிஞ்சின புகைய வெலக்கி விடற வேஸ்ட்கேட், அப்புறம் அந்த கிராஸ்ஓவர் பைப்பு. இந்த வண்டில தான் எக்ஸாஸ்ட் ஒரு பக்கம் டர்போ இன்னொரு பக்கமாச்சே, எஞ்சினுக்கு அடில பூந்து புகை அந்தப் பக்கம் போகணும், அந்த பைப்போட மேல் போல்ட்டுக்கு என் கை போகல. பொறங்கை தோலு பேந்து ரத்தம் வந்தது தான் மிச்சம். உன் கை போகும். அப்பா உன்ன கூப்பிட்டதே அதுக்கு தான், முதல்ல. அப்புறம் தான் உனக்கு கை மட்டும் இல்ல காதும் இருக்குன்னு கண்டுபுடிச்சாரு.

சாதம் வேகறத வெச்சு நீ எனக்கு டர்போ சொல்லிக் குடுத்தது ஞாபகம் இருக்கா? நான் அப்ப எட்டாவதோ ஒன்பதாவதோ. அடுப்படில நின்னுட்டு சொன்ன, நம்ம குன்னூர் கடல் மட்டத்துல இருந்து 1850 மீட்டர் ஒசரம், இங்க காத்தோட அழுத்தம் கீழ இருக்கறதுல அஞ்சுல நாலு பங்கு தான், அதனால தண்ணி 94 டிகிரிலயே கொதிச்சுரும், அரிசி வேக நேரமாகும், குக்கர் வெச்சா அழுத்தம் ஏறும் சீக்கிரம் வேகும், வண்டிக்கும் அதே கதை தான், மலை மேல காத்து இல்லாம மத்த வண்டிங்க மூச்சு வாங்கும், இது போற புகைய வெச்சே ஒரு சக்கரத்த சுத்தி, அதே தண்டுல மறுபக்கம் இருக்கற சக்கரத்தால காத்த அமுக்கி உள்ள தள்ளும்னு. அப்பா வாசல்ல நின்னு கேட்டுட்டு இருந்தாரு. ஒண்ணும் சொல்லல, ஆனா அன்னிக்கு ராத்திரி அவரு வெலிங்டன்ல இருந்து வந்த யாரோ ஒருத்தர் கிட்ட, "எம் பொண்ணு சொல்லுவா பாருங்க"ன்னு உன்ன கூப்பிட்டு மறுபடி சொல்ல வெச்சாரு. 1986 மாடல் போர்ஷே 944 டர்போ, 2479 சிசி, நாலு சிலிண்டர், 220 குதிரை சக்தின்னு நீ ஒப்பிச்சத நான் கதவு இடுக்குல நின்னு கேட்டேன். எனக்கு அன்னிக்கு உன் மேல பொறாமை. அத ஒத்துக்காம மத்தத எழுதினா இந்த கடிதத்துக்கு அர்த்தமே இல்ல.

அந்த ராத்திரிக்கு வரேன்.

2003, ஐப்பசி மழ. மேனிஃபோல்ட் பேக்கிங் மாத்தணும்னு அப்பா ஆரம்பிச்சு வெச்சுட்டு எஸ்டேட்ல கூப்பிட்டாங்கன்னு போயிட்டாரு. நீ டார்ச்ல நட்டுக்கு சூடு காட்டி, மெழுகுவத்திய அதுல தொட்டு, மெழுகு உருகி மரைக்குள்ள இழுத்துக்கறத எனக்கு காட்டின. அரை சுத்து முன்னாடி, கால் சுத்து பின்னாடி, கிறீச்சுன்னா நிறுத்து, திரும்ப மெழுகு. ரெண்டு நட்டு அப்படி வந்துச்சு. மெழுகுவத்தி தீந்து போச்சுன்னு நீ உள்ள போன. ரெண்டு நிமிஷம் தான் இருக்கும். மூணாவது போர்ட்டு, அதான் எஞ்சின்ல இருந்து புகை வெளிய வர்ற ஓட்டை, அதோட கீழ் ஸ்டட்டு, நட்டு மாட்டற மரைக் கம்பி. பலம் கூடும்னு நான் ஸ்பேனர்ல பைப்ப சொருகி இழுத்தேன்.

முதல்ல அது வர்ற மாதிரியே இருந்துச்சு அக்கா. இறுக்கமா இருந்தது திடீர்னு எளகி, ரப்பர இழுக்கற மாதிரி ஒரு மெதுவு. நட்டு கழறுதுன்னு சந்தோஷப்பட்டேன். அது நட்டு இல்ல, ஸ்டட்டு முறுங்கிட்டு இருந்துச்சு. அந்த மெதுவ இப்ப ஃபேக்டரில மாசத்துக்கு ரெண்டு தடவையாவது கைல உணர்றேன், உணர்ந்த அந்த நொடியே கைய எடுத்துருவேன், ஆனா அன்னிக்கு எனக்கு பதினஞ்சு வயசு, தெரியல. டக்குனு ஒரு சத்தம். நட்டோட பாதி ஸ்டட்டு கீழ தட்டுல விழுந்து உருண்டுச்சு.

நீ மெழுகுவத்தியோட வந்த. பைப்ப நான் பெஞ்சுக்கு அடில தள்ளிட்டேன். நீ குனிஞ்சு ஸ்பேனர எடுத்து, ஒடஞ்ச எடத்த லைட் புடிச்சு பாத்துட்டு இருந்தப்ப தான் அப்பா உள்ள வந்தாரு. உன் கைல ஸ்பேனர். என் கைல ஒண்ணும் இல்ல.

"யாரு"ன்னு கேட்டாரு. நான் பேசல. நீ என்ன பாத்த. நான் தரைய பாத்தேன்.

அதுக்கப்புறம் அவரு சொன்னத நான் இங்க எழுதல. உனக்கு மனப்பாடமா இருக்கும். பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு பாட்டி எத்தன வருஷம் சொன்னப்பவும் சிரிச்சுட்டு விட்டவரு அவரு, அன்னிக்கு பாட்டியோட வார்த்தைய அப்படியே எடுத்து உன் மேல போட்டாரு. மறு ஆவணில உனக்கு கல்யாணம். பாலிடெக்னிக் அப்ளிகேசன் சாமி படத்துக்கு பின்னாடியே இருந்துச்சு. மாமா நல்லவரு, இத படிப்பாரு, அவர பத்தி எனக்கு ஒரு குறையும் இல்ல, இது அவர பத்தினது இல்லவே இல்ல. உன் வாழ்க்கை கெட்டுப் போச்சுன்னு நான் சொல்லல. உன்கிட்ட இருந்து ஒண்ண எடுத்துட்டாங்க, எடுத்த கை என் கை, அத தான் சொல்றேன்.

மன்னிச்சுரு அக்கா.

பதினஞ்சு வயசுப் பையன், அப்பாவுக்கு பயந்தவன், ஒரு ஸ்டட்டுக்கு இவ்ளோ பெருசா ஆகும்னு யாருக்கு தெரியும், ஒரு வாரத்துல அவரு மறந்துருவாருன்னு நெனச்சேன், இப்படி எத்தனையோ சொல்லி பாத்துட்டேன் எனக்கே. ஒண்ணும் நிக்கல. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவப்படாத. நீ ஏன் சொல்லல? "நான் இல்லப்பா, தம்பி"ன்னு மூணு வார்த்த. சொல்லியிருந்தா ரெண்டு அறை வாங்கியிருப்பேன், முடிஞ்சிருக்கும். நீ காப்பாத்தினன்னு அம்மா நெனக்கறாங்க. எனக்கு சில நாள் அப்படி தோணாது. வாய தொறக்காம போயி, வாழ்நாள் முழுக்க நான் சுமக்கட்டும்னு விட்டுட்டு போயிட்டியோன்னு தோணும். தப்புதான். ஆனா தோணுது.

அந்த வண்டிய ஸ்டார்ட் பண்றப்பல்லாம் எனக்கு அது கேக்கும் தெரியுமா. நட்டு இல்லாத அந்த மூணாவது போர்ட்டு வழியா புகை கசிஞ்சு, டிக் டிக் டிக்னு. எஞ்சின் சூடானா இரும்பு விரிஞ்சு அடைச்சுக்கும், சத்தம் நின்னுரும். ஞாயித்துக்கிழமை காலைல அப்பா கட்டபெட்டு வரைக்கும் ஒரு நடை போயிட்டு வருவாரு, பக்கத்து சீட்ல நான். முதல் பத்து நிமிஷம் அந்த டிக் டிக். டர்போவுக்கு முன்னாடியே புகை வீணாப் போறதால மேட்டுல இழுவையும் லேட்டாத்தான் வரும். அத்தன மெக்கானிக் வேல தெரிஞ்சவரு, இருபது வருஷம் அந்த ஸ்டட்ட தொடவே இல்ல. எஞ்சினுக்கு மேல இருக்கற ஹெட்டு அலுமினியம், டிரில் ஒரு நூல் வெலகினாலும் ஹெட்டே போச்சும்பாரு, அந்த போர்ட்டு உள்ள செராமிக் வேற வார்த்திருக்கு, புகையோட சூடு டர்போ வரைக்கும் கொறையாம போகணும்னு. அதெல்லாம் நிஜம். ஆனா அதுக்காக மட்டும் விட்டு வெச்சாருன்னு நான் நம்பல.

இனி எழுதப் போறது உனக்கு தெரியாதது. எழுதலாமா வேணாமான்னு ஒரு வாரமா யோசிச்சேன், சித்தப்பா படிப்பாரு, அப்பாவ பத்தி இப்ப எல்லாரும் சாமி மாதிரி பேசற நேரம்.

அப்பாவுக்கு தெரியும்.

2011ல நானே சொன்னேன். உன் பையன் பொறந்த வாரம், நீ ஆஸ்பத்திரில இருந்த, நாங்க பாத்துட்டு மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறி வந்துட்டு இருந்தோம், பர்லியார் தாண்டி ஒரு ஹேர்பின்ல நிறுத்தி டீ குடிக்கறப்ப சொல்லிட்டேன். பைப்பு போட்டது நான்தான்னு. அவரு டீய முழுசா குடிச்சு முடிச்சாரு. "தெரியும். பைப்ப அன்னிக்கே பாத்தேன்"னாரு. அப்புறம், "அவளுக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே"ன்னாரு. வண்டில ஏறிட்டாரு. குன்னூர் வர்ற வரைக்கும் பேசல.

அன்னிக்கே பாத்திருக்காரு அக்கா. பெஞ்சுக்கு அடில. தெரிஞ்சே தான் உன்ன ஷெட்டுக்கு வர வேணாம்னாரு.

பதினாலு வருஷமா இத உன்கிட்ட சொல்லாம வெச்சிருந்தது உன் நல்லதுக்குன்னு நெனச்சேன். அப்பா மேல உனக்கு இருக்கற பாசத்த நான் ஏன் ஒடைக்கணும்னு. அது உண்மை. அவரு படுத்த படுக்கையா இருந்த நாலு வருஷம் நான் கூட இருக்கணுமே, அவரு மூஞ்சிய தெனமும் பாக்கணுமே, அதுக்காகவும் தான். அதுவும் உண்மை. கோயமுத்தூருக்கு ராத்திரி ஒரு மணிக்கு மஞ்சுல அவர கூட்டிட்டு எறங்கினப்பல்லாம் நீ எங்க இருந்தன்னு நான் கேக்கல, கேக்கவும் மாட்டேன், நீ சனி ஞாயிறு வந்துட்டு போனதே பெருசுன்னு அம்மா சொல்லுவாங்க. அதுக்கு மேல இந்த விஷயத்த இங்க வேணாம்.

ஒண்ணே ஒண்ணு அவருக்காக சொல்றேன். கடைசி வருஷம் வண்டி ஓடல, ஆனா என்னைய ஸ்டார்ட் பண்ணச் சொல்லி கட்டில்ல இருந்து கேப்பாரு. ஆஃப் பண்ணதுக்கப்புறமும் டர்போவுக்கு தண்ணி சுத்தற அந்த சின்ன பம்ப்பு அரை நிமிஷம் முனகுமே, அது நின்னதுக்கப்புறம் தான் கண்ண மூடுவாரு. ஒரு நாள் அது முனகிட்டு இருக்கறப்ப, "பாப்பா இத நின்னுருச்சான்னு பாத்துட்டு தான் ஷெட்ட சாத்துவா"ன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு. மன்னிப்புன்னு எடுத்துக்கறதா இல்லையான்னு நீயே பாத்துக்கோ, நான் எதையும் கூட்டிச் சொல்லல.

இப்ப ஷெட்டு நெலமை. டர்போவ கழட்டல, அதுக்கு காத்து உள்ள போற இன்டேக்க எடுக்கணும், அது அப்புறம். மேனிஃபோல்ட்ல விரிசல் இல்ல, மண்ணெண்ணெய்ல கழுவி வயர் பிரஷ் போட்டு வெச்சிருக்கேன். மேனிஃபோல்ட் வந்ததால ஒடஞ்ச ஸ்டட்டு ஹெட்ல இருந்து அரை விரக்கடை வெளிய நீட்டிட்டு நிக்குது, நுனில அன்னிக்கு முறுங்கின அந்த சுழி அப்படியே தெரியுது. அருவங்காட்டுல இருந்து வெல்டர் ஒருத்தர் வந்து பாத்தாரு, ஒரு நட்ட வெச்சு பத்த வெச்சு, அந்த சூட்டுலயே திருகிரலாம், பத்து நிமிஷ வேலைன்னாரு. சரியா தான் சொன்னாரு. இருக்கட்டும்னு அனுப்பிட்டேன்.

அப்புறம் ஆர்.சி. பேர் மாத்தணும்னா வாரிசுங்க எல்லாரும் கையெழுத்து போடணுமாம். அம்மா போட்டுட்டாங்க, நானும் போட்டுட்டேன், உன் பேருக்கு. வேணாம்னா வேணாம்னு நீயே எங்கிட்ட சொல்லு, மாமா மூலமா சொல்லி அனுப்பாத.

பையனுக்கு அரையாண்டு லீவு விடுவாங்கல்ல. குளுரு அதிகம், ஸ்வெட்டர் எடுத்துட்டு வா. பழைய சுடிதார் ஒண்ணும். மெழுகுவத்தி ஒரு பாக்கெட் வாங்கி பெஞ்சு மேலயே வெச்சிருக்கேன்.

தம்பி