இத்தாலியன் பாடத்தை தமிழ்ல இருந்து தொடங்குங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்கட பேப்பர்ல வாற இத்தாலியன் பாடத்தை பலெர்மோவில இருக்கிற நாங்கள் விடாமல் வாசிக்கிறனாங்கள், நல்ல வேலை, ஆனா போன கிழமைப் பாடத்தைப் பற்றி ஒண்டு சொல்லியே ஆகவேணும். போறது வாறது மாதிரி வினைகளுக்குப் பிறகு வாற இன்ஃபினித்தோவை (தமிழ்ல 'வாங்க', 'சாப்பிட' மாதிரி ஆளுக்கு ஏத்தமாதிரி மாறாத வினைவடிவத்தை) இங்கிலிஷ் 'டு' வச்சு விளங்கப்படுத்தியிருந்தீங்கள். அதை வாசிக்கிற சனம் 'டு' எண்டா இத்தாலியன்ல 'பேர்' ('-க்காக') எண்டு நினைச்சு 'வாதோ பேர் கொம்ப்ராரே இல் பானே' எண்டுதான் கதைக்கும். இங்க கடைக்குப் போற ஆக்கள் சொல்லுறது 'வாதோ அ கொம்ப்ராரே இல் பானே'.

தமிழ்ல 'பாண் வாங்கப் போறன்' எண்டேக்க 'வாங்க' எண்டதுக்குள்ளயே எதுக்குப் போறம் எண்டது வந்திடுது, இத்தாலியன்ல அந்த வேலையை 'அ' செய்யுது, அந்தாரே (போறது), வெனீரே (வாறது), தோர்னாரே (திரும்பி வாறது), கோர்ரெரே (ஓடுறது), ஆளை அனுப்புற மந்தாரே எல்லாத்துக்கும் இதேதான். இப்பிடித் தமிழால தொடங்கினா சின்னப் பிள்ளைக்கும் பிடிபடும்.

ஆனா தமிழால வாற பிழையும் இருக்கு, அதைத்தான் பாடத்தில கட்டாயம் எழுதவேணும். 'சாப்பிடப் போறன்' எண்டா எங்களுக்கு எழும்பிப் போறதும் சரி, இனிமேல் நடக்கப்போறதும் சரி. 'வாதோ அ மஞ்ஜாரே' எண்டா உண்மையாவே இடம் விட்டுப் போறது மட்டும்தான். அதால 'மழை பெய்யப் போகுது' எண்டதை அந்தாரே போட்டுச் சொல்ல ஏலாது, 'ஸ்தா பேர் பியோவெரே' எண்டுதான் சொல்லவேணும். ஸ்பானிஷ்லயும் தமிழ் மாதிரி 'போறது' இனிமேல் நடக்கப்போறதுக்கும் வாறதால, ஸ்பானிஷ் படிச்சிட்டு இங்க வாற ஆக்களும் இதிலதான் தடக்குப்படுகினம்.

'பேர்' முழுக்கப் பிழை எண்டில்லை. 'வாதோ அ மிலானோ பேர் லவொராரே' (வேலை செய்ய மிலானோவுக்குப் போறன்) மாதிரி இடையில ஊர்ப்பேர் வந்தா, இல்லாட்டி நோக்கத்தை அழுத்திச் சொல்லவேணும் எண்டா அது நல்லாப் பொருந்தும்.

'போய் வாங்குறன்' எண்டதை 'உம்' பொருள் தாற 'எ' போட்டு 'வாதோ எ கொம்ப்ரோ' எண்டா ரெண்டு தனித்தனி வேலையாப் போயிடும், 'வாதோ எ தோர்னோ' மட்டும் எங்கட 'போட்டு வாறன்' மாதிரி எல்லாரும் சொல்லுறது. எங்கட சிசிலித் தீவின்ர மொழியான சிசிலியன்ல, மார்சாலா ஊர்ப் பக்கம் 'வாயு அ பிக்கியு உ பானி' (பாண் எடுக்கப் போறன்) எண்டு ரெண்டு வினையையும் 'நான்' எண்டதுக்கு ஏத்தமாதிரி மாத்திச் சொல்லுவினம், அங்க வாற 'அ' லத்தீன்ல 'உம்' பொருள் தாற 'அக்' எண்ட சொல்லில இருந்து வந்ததெண்டு மொழியியல் ஆக்கள் சொல்லுகினம். 'நாங்கள்', 'நீங்கள்' வந்தா அந்த அமைப்பு வராது, திரும்ப இன்ஃபினித்தோதான். எனக்கு இது அவ்வளவு பிடிச்ச விசயம், வேலையிடத்தில கேட்டுப் பழகின எங்கட ஆக்களுக்கும் இதைச் சொல்லிக் குடுக்கவேணும்.

கடைசியா ஒண்டு, எங்கட குடும்பங்களுக்கு இதுதான் பெரிசு. 'பிள்ளையள் படிக்கத்தான் வந்தனாங்கள்' எண்டு சொல்லுற இடத்தில 'சியாமோ வெனூத்தி பேர் ஸ்தூதியாரே' எண்டா நாங்களே படிக்க வந்த மாதிரி ஆகிடும். வந்தது ஒராள், படிக்கிறது வேற ஆள் எண்டா 'பெர்கே' ('-றதுக்காக') போட்டு கொஞ்ஜுந்தீவோ (விருப்பம், நோக்கம் மாதிரி நடக்கவேண்டியதைச் சொல்லுற வினைவடிவம்) வரவேணும், அது கஷ்டமெண்டா 'பேர் ஃபார் ஸ்தூதியாரே இ ஃபில்யி' (பிள்ளையளைப் படிக்கவைக்க) எண்டு சொல்லலாம். இத்தாலியில நீண்டகால வதிவிட பெர்மிட்டுக்கு 2010இல இருந்து ஏ2 (அடிப்படை மட்டம்), பிரஜாவுரிமைக்கு 2018இல இருந்து பி1 (நடு மட்டம்) எண்டு மொழித்தகுதி கேக்கிறாங்கள், வேலை முடிஞ்சு களைச்சு வந்து படிக்கிற சனத்துக்கு நீங்கள் எழுதுற பாடம் பெரிய உதவி. அடுத்த கிழமை இந்த 'அ', 'பேர்', 'பெர்கே' மூண்டையும் தமிழ் வசனங்களோட சேர்த்து ஒருக்கா திரும்பப் போடுங்கோ.

இப்படிக்கு,
பலெர்மோவில இருந்து ஒரு வாசகி