பார்த்தீனியத்தை அரிந்து வயலோரம் குவிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலம் வந்தால் சாலையோரத்தில் மண்டும் பார்த்தீனியம் என்ற நச்சுக்களையை அரிவாளால் அரிந்து, பக்கத்து வயலோரம் குவித்துவிட்டுப் போகிறார்கள். அடிக்கட்டை மறுபடி துளிர்க்கிறது. குவியலோ மழையில் ஊறி, தன் நச்சுச் சாற்றை வயலுக்குள் இறக்குகிறது.

இந்தச் செடி நீருக்கும் உரத்துக்கும் மட்டும் பயிரோடு மல்லுக்கு நிற்பதில்லை. இதன் இலையிலுள்ள நுண்ணிய சுரப்பு மயிர்களில் பார்த்தெனின் என்ற நஞ்சு இருக்கிறது. இலையை மழை கழுவும்போதும் செடி அழுகும்போதும் அது ஃபெருலிக், காஃபியிக் முதலான அமிலங்களோடு மண்ணில் சேர்ந்து, அருகே விழும் விதையின் முளைப்பையும் வேரையும் ஒடுக்குகிறது. பயறுவகைகளில் தழைச்சத்து சேர்க்கும் வேர்முடிச்சு குறைகிறது. களை வரப்பில்தானே நிற்கிறது என்று விடுவதற்கும் இல்லை. அதன் மகரந்தம் தக்காளி, மிளகாய், கத்தரிப் பூக்களில் மகரந்தம் ஏற்கும் சூல்முடியில் படிந்தால் காய்ப்பிடிப்பு குறையும்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். பார்த்தீனியம் அடர்ந்த இடத்தில் மேல்மண் ஒரு தொட்டி, அதே நிலத்தில் அது முளைக்காத இடத்து மண் ஒரு தொட்டி. இரண்டிலும் 20 பாசிப்பயறு விதைத்து ஒரே அளவு நீர் விடுங்கள். எட்டாம் நாள் மண்ணை அலசி வேரை அளந்து பாருங்கள். நஞ்சு தங்கிய மண்ணில் வேர் குட்டையாக, பக்கவேர் குறைந்து, சில நேரம் நுனி பழுப்பாகவும் இருக்கும். அப்படி இருந்தால் உழுது, இரண்டு மூன்று வாரம் ஆறவிட்டு விதையுங்கள்.

முளைத்து ஒரு மாதத்திலேயே பூத்துவிடும் செடி இது. ஒரே செடி 15,000 விதைக்கு மேல் உதிர்க்கும். ஆகவே பூக்கும் முன், ஈரமண்ணில், வேரோடு பிடுங்க வேண்டும். வெறுங்கையால் தொட்டால் தோல் அரித்துத் தடிக்கும். பணியாளருக்குக் கையுறை கொடுக்காமல் வேலை வாங்குவது கொடுமை. பூக்காத செடியைக் குழியில் சாணக்கரைசல் தெளித்து அடுக்கி, மண் மூடி, நான்கைந்து மாதம் மட்கவிட்டால் உரமாகும்.

பயிரில்லாத இடத்தில் லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பும் 2 மில்லி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் நேரத்தில் இலை நனையத் தெளிக்கலாம். வயலுக்குள் கூடாது, மண் உவராகும். இந்தக் களையைக் கட்டுப்படுத்த 1984-ல் பெங்களூரில் விடப்பட்ட மெக்சிகோ வண்டு இதன் இலையைத் தின்னும் இடங்களில் எந்த மருந்தும் அடிக்காதீர்கள். பிடுங்கிய இடத்தை வெறுமையாக விட்டால் அதுவே திரும்ப வரும். அதை நெருக்கி அடக்க முதல் மழையோடு தகரையோ ஆவாரையோ விதையுங்கள்.

ஊராட்சிகள் அரிவாளை விட்டு இந்த முறைக்கு இந்தப் பருவத்திலேயே மாற வேண்டும்.

— களை மேலாண்மைப் பணியாளர்கள், தருமபுரி