ஒரிஜினல் என்று விற்கப்பட்ட சிற்பப் படங்கள் குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: இரண்டு பழைய புகைப்படங்களுக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டல்

ஐயா,

போன மாதம் உங்களிடம் இரண்டு படங்கள் வாங்கினேன். ஒன்று மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசு, மற்றது ஆந்திராவின் அமராவதி ஸ்தூபச் சிற்பம். 19-ஆம் நூற்றாண்டு ஆல்புமின் பிரிண்ட், ஒரிஜினல் என்று சொல்லி 18,000 ரூபாய் வாங்கினீர்கள்.

என் அப்பா பழைய வண்ணாரப்பேட்டையில் 30 வருஷம் போட்டோ பிரேம் கடை வைத்திருந்தார். அவருடைய லென்ஸை வைத்துப் பார்த்தேன். அர்ச்சுனன் தபசு படத்தில் தவம் செய்பவரின் விலா எலும்புமேல் வரிசை வரிசையாகப் புள்ளிகள்: நீலம், சிவப்பு, மஞ்சள். ஆல்புமின் பிரிண்ட் என்பது முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் வெள்ளி உப்பு ஏற்றி, நெகட்டிவை வைத்து வெயிலில் எடுப்பது. அதில் புள்ளி எங்கிருந்து வரும்? இயந்திரத்தில் அச்சடித்தால்தான் இப்படிப் புள்ளி வரும். தாளும் மெல்லிசாக இருக்கும், அதனால்தான் அட்டையில் ஒட்டுவார்கள். நீங்கள் அனுப்பியது கல்யாணப் பத்திரிகை மாதிரி தடிமன். அந்தப் பழுப்பு நிறம்கூட அச்சடித்ததுதான்.

அதோடு, அந்தப் படம் இடம் வலமாக மாறியிருக்கிறது. பாறைப் பிளவுக்கு வலப்பக்கம் நிற்க வேண்டிய யானைகள் இடப்பக்கம் நிற்கின்றன. பள்ளிக்கூட டூரில் ஒரு தடவை பார்த்தவர்களுக்கே தெரியும்.

அமராவதிப் படத்தின் பின்னால் 'சிவன் கோயில்' என்று லேபிள் ஒட்டியிருக்கிறீர்கள். தொல்லியல் படிக்கப் போகும் மகளுக்குப் பரிசாக வாங்கியது அது. அவள் பார்த்ததுமே, "அப்பா, இது புத்த ஸ்தூபம்பா" என்றாள். பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் 1845-ல் அமராவதியில் தோண்டியெடுத்த கற்களைப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் இதே சென்னையில் வைத்துத்தான் 1858 வாக்கில் படமெடுத்தார். அமராவதிக் கற்களை எழும்பூர் மியூசியத்தில் இன்றும் பார்க்கலாம். அவ்வளவு பக்கத்தில் இருப்பதற்குத் தப்பான பெயரா?

இரண்டு முறை போன் செய்தேன். "நகல்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார் உங்கள் ஊழியர். சரி, நகல் என்று சொல்லி 500 ரூபாய்க்கு விற்றிருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

படங்களை உங்கள் செலவிலேயே எடுத்துக்கொண்டு, முழுப் பணத்தையும் 15 நாளுக்குள் அனுப்புங்கள். விளம்பரத்தில் இருக்கும் 'ஒரிஜினல்' என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பில் நகலையும், லென்ஸ் வழியாக எடுத்த படங்களையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ராயபுரம், சென்னை