மகளுக்கு: பாணை எங்கே வைப்பது

பரந்தன்,
கிளிநொச்சி.

அன்பின் மகளுக்கு,

நானும் அம்மாவும் இங்கு நலமாக இருக்கிறோம். உன் நலமறிய ஆவல். சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது, ஸ்காபறோவிலுள்ள தமிழ்க் கடையில் சனிக்கிழமைதோறும் வாங்கும் இரண்டு பாணில் ஒன்று குப்பைக்கே போகிறது என்றும், பிரிட்ஜில் வைத்தாலும் மறுநாளே பொருபொருவென்று உதிர்கிறது என்றும் சொன்னாய். நீ அடுத்த கதைக்குப் போய்விட்டாய். எனக்கோ அன்றிரவு முழுவதும் அதே நினைவாக இருந்தது. ஏனென்றால், நீ கனடாவுக்குப் புறப்பட்ட அன்று பாணை பிரிட்ஜில் வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பியவன் நான். பதினாறு ஆண்டுகள் பேக்கரியில் போறணையடியில் நின்ற அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நீயும் நம்பியிருப்பாய். நான் சொன்னது பிழை, பிள்ளை. பாணை பிரீசரில் வைக்க வேண்டும்.

அப்படிச் சொன்னதற்கும் ஒரு காரணம் இருந்தது. நம் வன்னி வெக்கையில் மூன்றாம் நாளே பாணில் பச்சைப் பூஞ்சணம் படர்ந்துவிடும். இன்னும் மோசமாக, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே சதசதத்து, பிய்த்தால் நூல் நூலாக இழுபட்டு, கனிந்தழுகிய அன்னாசிப்பழம்போல மணக்கும் ஒரு பழுதும் உண்டு. அதை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் போறணைச் சூட்டிலும் சாவதில்லை. குளிரில் இவை இரண்டும் மந்தப்படும் என்பது உண்மை. ஆனால் நான் வேலை செய்த காலத்தில் வன்னிக்கு மின்சாரமே இல்லை. விடியற்காலையில் எடுத்த பாண் அன்றிரவுக்குள் தீர்ந்துவிடும். பாணைக் குளிரில் வைத்துப் பார்த்த அனுபவம் எனக்கு இருக்கவில்லை என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

பாண் பழசாவது என்றால் ஈரம் காய்ந்து போவது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். 1852 ஆம் ஆண்டிலேயே பூசங்கோ என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர், ஈரம் வெளியேறாதபடி அடைத்து வைத்த பாணும் இறுகுவதையும், அதை ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் மீண்டும் மெத்தென்று ஆவதையும் காட்டியிருக்கிறார். போறணையில் வேகும்போது மாப்பொருள் தண்ணீரைக் குடித்துப் பொங்கி நெகிழ்கிறது. ஆறிய பின்னர் அது மெல்ல மெல்ல மறுபடியும் ஒழுங்காக அடுக்கப்பட்டு இறுகுகிறது. இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது பிரிட்ஜில் இருக்கும் 4 பாகை அளவிலேதான். பிரீசரின் மறை 18 பாகையில் அது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பழைய பாணை அம்மா நீத்துப்பெட்டியில் வைத்து, புட்டுப் பானையின் ஆவியில் மூன்று நிமிடம் பிடித்து எடுப்பது உனக்கு நினைவிருக்கும். விரலால் அழுத்தினால் அமிழ்ந்து திரும்பவும் எழும்பும். நீ சுடச்சுடப் பிய்த்துச் சம்பலில் தோய்ப்பாய். இறுகிய மாப்பொருள் சூட்டில் நெகிழ்ந்ததுதான் அது. ஆனாலும் அந்த மென்மை ஆறியதும் போய்விடும். ஒரு முறைக்கு மேல் அந்தப் பாணில் அதைச் செய்து பயனில்லை.

ஆகவே உறைய வைக்கும்போதும் சரி, உருக வைக்கும்போதும் சரி, உறைநிலைக்குச் சற்று மேலேயுள்ள அந்தக் கெட்ட குளிரை எவ்வளவு விரைவாகக் கடக்கிறோமோ அவ்வளவுக்குப் பாண் பிழைக்கும். முழுப் பாணை அப்படியே பிரீசரில் வைத்தால் நடுப்பகுதி உறைவதற்கு நெடுநேரம் எடுக்கும். துண்டுகள் விரைவில் உறைந்துவிடும். வாங்கிய அன்றே செய். மூன்று நாள் பழசான பாணை உறைய வைத்தால் மூன்று நாள் பழசான பாண்தான் திரும்பக் கிடைக்கும். பூஞ்சணம் பட்டதை வைக்கவே கூடாது, குளிர் அதைத் தூங்க வைக்குமே தவிரக் கொல்லாது. கடையில் சூடாகக் கொடுத்தால் முற்றாக ஆறும்வரை பொறு. பேக்கரியில் புதிதாக வந்த பொடியன்கள் எல்லோரும் செய்த பிழை இதுதான்: மேலே தொட்டால் ஆறியிருக்கும், நடுவில் ஆவி நிற்கும்; பையைக் கட்டினால் உட்புறம் வியர்த்து, அந்த நீர் பிரீசரில் பனித்தூளாகிவிடும். ஆறிய பாணை ஒரு விரல் தடிப்பில் வெட்டி, ஒட்டாமலிருக்க இடையிடையே எண்ணெய்த்தாள் வைத்து, உன் ஒரு நேரச் சாப்பாட்டின் அளவுக்கு இரண்டு மூன்று துண்டுகளாகப் பொதி செய். பொலித்தீன் பையை உள்ளங்கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றிய பின் கட்டு. மீன், இறைச்சிக்குப் பக்கத்தில் வைக்காதே. பாண் மணத்தை இழுத்துக்கொள்ளும். திகதி எழுதி வை. மூன்று மாதம் வரை சுவை குன்றாது, உனக்கோ ஒரு கிழமைக்குள் தீர்ந்துவிடும்.

உருக்குவதற்கென்று காத்திருக்கவே வேண்டாம். உறைந்த துண்டை நேரே பாண் வாட்டும் ரோஸ்ற்றரில் போடு, வழமையைவிடச் சிறிது கூடுதல் நேரம் வை. கெட்ட குளிரை ஒரே தாவலில் கடந்துவிடும். ரோஸ்ற்றர் இல்லாவிட்டால் தோசைக்கல்லில் மூடியிட்டு மெல்லிய நெருப்பில் வாட்டலாம். மைக்ரோவேவ் எனக்குப் பிடிப்பதில்லை. பதினைந்து வினாடி தாண்டினால் ஆறியதும் தோல்போல இழுபடும். விருந்தினர் வருகிறார்கள், முழுப் பாணாகவே வேண்டும் என்றால், பையை அவிழ்க்காமல் மேசையில் மூன்று நான்கு மணித்தியாலம் வைத்துவிட்டு, பிறகு அவணில் 180 பாகையில் பத்து நிமிடம் சூடாக்கு. பையை முதலே அவிழ்த்தால் அறையின் ஈரம் பாணின் மேலேயே படிந்து தோலை நமநமக்க வைக்கும். அவிழ்க்காமல் விட்டால் அது பைக்கு வெளியே நிற்கும்.

அச்சுப்பாணும் வெறும் பணிசும் நன்றாகத் தாங்கும். றோஸ் பாண் சுவையில் குறையாது, ஆனால் மேல்தோல் சில வேளை பொருக்காகக் கழன்று விழும். கிறீம் பணிசை உறைய வைக்காதே. சீனி தூவிய பணிசும் வேண்டாம், உருகும்போது சீனி பாகாகிவிடும்.

மின்வெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாத போது, மா விலை ஏறிக்கொண்டிருந்த பயத்தில் நான் ஐந்து றாத்தல் பாண் வாங்கி முழுதாகவே பிரீசரில் வைத்தேன். உருகிவிட்டதா என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு மணித்தியாலமும் கதவைத் திறந்தேன். அந்தக் கவலைதான் அதைக் கெடுத்தது. உருகுவதும் உறைவதுமாக மூன்று நாள் போனபின், பைக்குள் பனி பொரிந்து, ஓரம் றப்பராகவும் நடு மரத்தூளாகவும் இருந்தது. அம்மா அதை வீணாக்க மனமில்லாமல் வெயிலில் காயவைத்து, தூளாக்கி, கட்லட்டுக்கு எடுத்துக்கொண்டார். பிரீசர் நிரம்பியிருந்து கதவும் மூடியிருந்தால் ஏறத்தாழ இரண்டு நாள் குளிர் தாங்கும். பாதிதான் இருந்தால் ஒரு நாள். இப்போது வெற்றிடத்தில் தண்ணீர்ப் போத்தல்களை உறைய வைத்திருக்கிறோம். உங்கள் பக்கம் பனிப்புயலில் மின்சாரம் போனால் கதவைத் திறக்காதே.

வருகிற சனிக்கிழமை இரண்டு பாணும் வாங்கு. ஒன்றை வெளியே வைத்து இரண்டு நாளில் சாப்பிடு, மற்றதை அன்று மாலையே வெட்டிப் பொதி செய். புதன்கிழமை காலை அதில் ஒரு துண்டை வாட்டிச் சாப்பிட்டுவிட்டு, எப்படி இருந்தது என்று அப்பாவுக்கு அழைத்துச் சொல்.

இப்படிக்கு,
அன்புடன் அப்பா